அரை மாரத்தான் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் அதே ஷின் (கால் முன்னெலும்பு) வலி. ஓடும் ஸ்டைலை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக முட்டிக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கம் வலி. இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் போகிறது, ஓட ஆரம்பித்தால் வருகிறது. வாட்ச்சில் கேடன்ஸ் (நிமிடத்துக்கு வைக்கும் அடிகள்) 156. குதிகாலை விட்டு முன்பாதத்தில் இறங்கி ஓடச் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். முன்பாதத்தில் இறங்கினால் முட்டிக்குப் போகும் பாரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாரம் மாயமாகிவிடாது, கெண்டைக்காலிலும் அக்கிலீஸிலும் (குதிகால் நாண்) போய் ஏறும். உங்களுக்கு வலிப்பதே கெண்டைக்கால் பக்கத்துத் தசைகள் எலும்பைப் பிடித்திருக்கும் ஓரம். வெறுங்காலில், முன்பாதத்தில் இறங்கி ஓடிச் சரியானவர்கள் உண்டு, மறுக்கவில்லை. மூன்று முறை அடிபட்ட காலை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் இது ஷின் வலிதானா என்று பாருங்கள். எலும்பின் உள் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் நீளவாக்கில் வலித்தால் பெரும்பாலும் ஷின் வலி. ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீரென்றால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பக்கட்ட ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்ப பாரம் ஏறி எலும்பில் விழும் நுண்விரிசல்) எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். பெண்ணாக இருந்து மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாடு போதாமல் எலும்பு பலவீனமாவதன் அறிகுறியாக இருக்கலாம்.

திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அந்த இரண்டு வார ஓய்வுதான். ஓய்வில் வலி அடங்கும், கால் பலப்படாது. நுரையீரல் சில வாரங்களில் தேறிவிடும், எலும்புக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லை என்பதால் நீங்கள் நேராகப் பழைய 10 கி.மீ.க்குப் போயிருப்பீர்கள்.

கேடன்ஸுக்கு வருவோம். எல்லோரும் ஓதும் 180 என்ற எண், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் முன்னணி வீரர்களின் காலடியை எண்ணியதிலிருந்து பரவியது. அது அவர்கள் ரேஸ் வேகத்தில் ஓடும்போது எண்ணியது. உங்கள் ஈஸி ரன்னுக்கு 5 சதவீதம் கூட்டினால் போதும், அதாவது 164. போனில் மெட்ரோனோமை (தாளம் தட்டும் ஆப்) 164-க்கு வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் அந்தத் தாளத்துக்கு ஓடுங்கள். எல்லோரும் சறுக்குவது இங்கேதான்: தாளம் கூடியதும் வேகத்தையும் கூட்டிவிடுவார்கள். வேகம் அதேதான், ஒவ்வொரு அடியின் நீளம் மட்டும் குறைய வேண்டும். டிரெட்மில்லில் வேகத்தைப் பூட்டி வைத்துப் பழகுவது சுலபம்.

ஓடி முடித்ததும் கணுக்காலின் உள்பக்கத்தைப் பாருங்கள். எதிர்க்கால் ஷூ உரசிய அழுக்குக் கோடு இருந்தால் நீங்கள் கயிற்றின் மேல் நடப்பதுபோல ஓடுகிறீர்கள். ஷின் எலும்பில் முறுக்கு கூடுவது அதனால்தான். மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு இடப்புறம் இடது கால், வலப்புறம் வலது கால், கோட்டை மிதிக்காமல் 100 மீட்டர் ஓடிப் பழகுங்கள்.

பலம் ஏற்றுவதுதான் முக்கியமான வேலை, சலிப்பானதும் அதுதான். மாடிப்படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை இரண்டு விநாடியில் தூக்கி, மூன்று விநாடியில் இறக்குங்கள். முட்டியை நீட்டி 12 வீதம் மூன்று செட், லேசாக மடக்கி அதே மூன்று செட், ஒருநாள் விட்டு ஒருநாள். மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள், ஓட்டத்தின் பெரும்பாரத்தைத் தாங்கும் உள்தசைக்கு அதுதான் வேலை கொடுக்கும். நீட்டியபடி 25 சுலபமாக வந்தால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது 12 வாரம்.

45 நிமிடம் வேகநடை வலியில்லாமல் வந்தபின் ஓட்டம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை, வாரம் மூன்று நாள். பத்துக்கு இரண்டு வரை வலி வரலாம், மறுநாள் காலை முதல் அடியில் அது இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். விடாமல் 30 நிமிடம் ஓடும் வரை ஸ்பீட் ஒர்க்அவுட்டும் மேம்பாலத்தில் ஏறி ஓடுவதும் கிடையாது.

ஒரு காலில் மட்டும் வலி என்றால் ரோட்டையும் சந்தேகப்படுங்கள். நம்மூர் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி தினமும் வலது ஓரத்திலேயே ஓடினால் இடது கால் எப்போதும் மேட்டில், வலது கால் பள்ளத்தில். நடைபாதையில் ஓடுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு ஏற்றம் ஒரு இறக்கம், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர், மிச்ச இடத்தில் பைக். கோடிக்கணக்கில் டைல்ஸ் பதித்து, அது மழையில் வழுக்கவும் செய்கிறது. பள்ளி மைதானங்களைக் காலை 5 முதல் 7 வரை திறந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?