தோழி அழும்போதும் மனம் குறிப்பெடுக்கிறது

அன்புள்ள மேடம்,

பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் நாடகமும் சேர்த்துப் படிக்கிறேன். இரண்டுமே ஆசைப்பட்டு எடுத்தவை. ஒத்திகையில் இயக்குநர், "நீ யோசிக்கிறாய், உணரவில்லை" என்கிறார். சமூகவியல் கட்டுரையிலோ உணர்ச்சி அதிகம் என்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். போன மாதம் என் நெருங்கிய தோழி காதல் முறிந்ததைச் சொல்லி அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே, எந்தச் சொல்லில் குரல் உடைகிறது, எப்படி மூச்சை அடக்குகிறாள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. நான் போலியாகிவிட்டேனா? ஒரு பாடத்தை விட்டுவிடவா?

– இரண்டாம் ஆண்டு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

கவனித்துக்கொண்டிருந்தபோதும் அவள் கையை நீங்கள் விடவில்லையே. அது போலி இல்லை.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மனைப் படித்திருப்பீர்கள். 1949 முதல் 1951 வரை ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் ஆய்வு செய்தபோது, ஒரு ஓட்டல் பணியாளர்கள் சமையலறைக்குள் ஒரு மாதிரியும், கதவைத் தாண்டி விருந்தினர் முன் வந்ததும் வேறு மாதிரியும் இருப்பதைப் பார்த்தார். அன்றாட வாழ்க்கைக்கும் முன்மேடை, பின்மேடை உண்டு என்றார். அந்தப் பணியாளர்களுக்குத் திரும்பிப் போக ஒரு சமையலறை இருந்தது. உங்களுக்கு அதுதான் இல்லை. நாடகம் உங்களை மேடையில் நிறுத்துகிறது; இறங்கினால் சமூகவியல் நோட்டும் கையுமாக நிற்கிறது. நீங்கள் தளர்ந்துபோனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியபோது, உணர்வை உள்ளிருந்தே வரவழைக்கச் சொன்ன ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறையைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். வேலைக்காக நாள் முழுக்கச் சிரிப்பை வரவழைத்துக்கொள்கிறவர்களுக்குத் தங்கள் சொந்த உணர்வே அந்நியமாகிவிடலாம் என்பதை அதில் காட்டினார். உங்கள் பயத்துக்கு உங்கள் பாடத்திலேயே பெயர் இருக்கிறது. தேர்வுக் கட்டுரைக்கு இதையே எடுங்களேன், இரண்டு துறை ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கலாம்.

ஆகவே, பாடத்தை இப்போது விட வேண்டாம். பின்மேடையை மீட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகை முடிந்ததும் உடை மாற்றி, முகம் கழுவி, உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாடக சிகிச்சையில் பாத்திரத்திலிருந்து வெளியேற இப்படிச் செய்வதுண்டு. பாத்திரத்தைப் பற்றிய யோசனையெல்லாம் ஒத்திகைக்கு முன்பே நோட்டில் இறங்கிவிடட்டும். அப்புறம், யாரைப் பற்றிக் குறிப்பெடுக்கவே மாட்டேன் என்று இரண்டு மூன்று பேரை முடிவு செய்யுங்கள். அந்தத் தோழி முதல் ஆள். அவளிடம் இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அடுத்த முறை மனம் கவனிக்கத் தொடங்கினால் அதைத் திட்டாதீர்கள். "சரி, பார்த்தாயிற்று" என்று விட்டுவிட்டு, அவளிடம் ஏதாவது கேளுங்கள்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால், பல்கலைக்கழக ஆலோசகரை நேரில் பாருங்கள். இந்தக் கடிதத்தையே எடுத்துப் போய்க் காட்டலாம்.