"பார்க்க நல்லாத்தானே இருக்கே?" – அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு. முதல்ல சிக்குன்குனியான்னாங்க, அப்புறம் ரத்தசோகைன்னாங்க, ஏ.என்.ஏ.ன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்த பிறகுதான் லூபஸ்னு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கற வியாதின்னு தெரிஞ்சது, ரெண்டு வருஷம் ஆச்சு. மாமியார் "பார்க்க நல்லாத்தானே இருக்கே"ம்பாங்க. போன மாசம் மொட்டை மாடியில வடாம் புழிஞ்சேன், ரெண்டாம் நாள் எழுந்திரிக்கவே முடியல. "அத்தனையும் செஞ்சவளுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியாம அழுதுட்டேன்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உன் லெட்டரைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்மா. எனக்கும் இதேதான், 14 வருஷமாச்சு. காலைல குக்கர் மூடியைத் திறக்க முடியாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், விரல் வீங்கியும் இருக்காது சிவந்தும் இருக்காது, ஆனா உள்ளுக்குள்ள கயித்தால இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும், வெந்நீர்ல பத்து நிமிஷம் கையை வச்ச பிறகுதான் காபி டம்ளரையே தூக்க முடியும். வீட்ல மத்தவங்க எழுந்து வர்றதுக்குள்ள இதெல்லாம் முடிஞ்சிருக்கும், அப்புறம் யாருக்குத் தெரியும்?

வடாம் விஷயத்துக்கு வரேன். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டா யாருக்கும் தோல்ல கொஞ்சம் செல் சாகும். நமக்கு என்னன்னா, அந்த செத்த செல்லுக்குள்ள இருந்து வெளிய வர்றதையே நம்ம உடம்பு எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போகும். அந்த சண்டைதான் மறுநாளோ சில நாள் கழிச்சோ மூட்டு வலியா, காய்ச்சலா, கட்டிலை விட்டு இறங்க முடியாத அசதியா வருது. அதனால "முடியல அத்தை"ன்னு பொதுவா சொல்லாதே, அவங்களுக்கும்தான் முழங்கால் வலி இருக்கும், அவங்களுக்கும்தான் முடியல. "அத்தை, ஜவ்வரிசி ஊற வைக்கறேன், உப்பு காரம் பாக்கறேன், சாயங்காலம் உரிச்சு டப்பாவுல போடறேன், வெயில் எனக்கு ஆகவே ஆகாது, மாடிக்கு மட்டும் நான் வரல"ன்னு வேலையைப் பிரிச்சு சொல்லு. இப்படி சொன்னா அவங்க காதுல ஏறும்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதே. உடம்பு நல்லா இருக்கற நாள்ல துணி துவைச்சு, ஒட்டடை அடிச்சு, பாத்திரம் எல்லாம் தேய்ச்சுக் கவுத்திடுவே, இல்ல? சும்மா உக்காந்தா சொல்லிக் காட்டுவாங்களோன்னு பயம். நானும் பல வருஷம் அப்படித்தான் ஓடினேன். அந்த ஓட்டம்தான் அடுத்த மூணு நாளைப் படுக்கப் போடுது, "நேத்து நல்லா இருந்தாளே"ன்னு அவங்களைக் கேக்க வைக்கறதும் அதுதான். நல்ல நாள்லயும் மத்தியானம் ஒரு மணி நேரம் படும்மா. கதவைச் சாத்திக்கிட்டு ஒளிஞ்சு படுக்காதே, அவங்க கண்ணெதிரவே படு.

அடுத்த செக்கப்புக்கு வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ. லூபஸ் கிட்னியைத் தொட்டா ஆரம்பத்துல வலியே தெரியாது, யூரின்ல புரதம் போகுதான்னு பாத்துத்தான் பிடிக்கணும், அதை டாக்டர் வாயாலயே அவர் கேக்கட்டும். லூபஸை அடக்கி வைக்கற ஹைட்ராக்ஸி குளோரோகுவின் மாத்திரையை நல்லா இருக்குன்னு நீயா நிறுத்திடாதே, அதுக்கான கண் செக்கப்பையும் தள்ளிப் போடாதே.

கேள்வி: எனக்கு 26 வயசு, ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு முதுகெலும்பைப் பிடிக்கற ஒரு வாத நோய். காலைல இடுப்பு மரக்கட்டை மாதிரி இருக்கும். சாயங்காலம் நான் ஷட்டில் ஆடறதைப் பாத்துட்டு ஆபீஸ்ல "முதுகு வலின்னு லீவு கேட்டியே"ங்கறாங்க.
– ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, இந்த வியாதியோட குணமே அதுதான். சாதாரண முதுகு வலி படுத்தா குறையும், இது படுத்தா ஏறும், உடம்பை அசைச்சா இறங்கும். ஷட்டிலை விடாதீங்க. ஆபீஸ்ல லீவுக்கு பதிலா நேரம் கேளுங்க, காலைல ஒரு மணி நேரம் லேட்டா வந்து சாயங்காலம் ஈடுகட்டறேன், நடுநடுவுல எழுந்து நடப்பேன்னு டாக்டர் லெட்டரோட எழுதிக் குடுங்க. சிகரெட் பழக்கம் இருந்தா இன்னிக்கே நிறுத்திடுங்க, முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறது அதால அதிகமாகும்.

கேள்வி: என் பொண்ணுக்கு 24 வயசு, லூபஸ். வரன் பாக்கறோம். மாப்பிள்ளை வீட்ல சொன்னா தட்டிப் போயிடும், கல்யாணம் ஆனதும் சொல்லிக்கலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. குழந்தை பிறக்குமான்னும் கவலையா இருக்கு.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: மறைக்காதீங்கம்மா. தினமும் மாத்திரை போடற பொண்ணு புது வீட்ல பாத்ரூம்ல நின்னு ஒளிச்சு முழுங்கணும், இல்ல பயந்துகிட்டு நிறுத்திடுவா. நிறுத்தினா நோய் திரும்பக் கிளம்பும், அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுதான் போகும். நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லுங்க, பையனை டாக்டர்கிட்டயே நேரா பேச வைங்க. குழந்தை பெத்துக்கலாம், நிறைய பேர் பெத்திருக்காங்க. ஆறு மாசமாவது நோய் அடங்கி இருக்கணும், கர்ப்பத்துக்கு ஆகாத மாத்திரைகளை டாக்டர் முன்கூட்டியே மாத்திக் குடுக்கணும். ஆன்ட்டி-ரோன்னு ஒரு டெஸ்ட் உண்டு, குழந்தையோட இதயத்துடிப்பை தனியா கவனிக்கணுமான்னு அதுல தெரியும், அதையும் கேட்டு எடுத்துக்கோங்க.

ஒண்ணு கேக்கறேன், பொண்ணுகிட்ட பேசினீங்களாம்மா? லெட்டர் முழுக்க சொந்தக்காரங்க சொன்னது இருக்கு, அவ என்ன சொல்றான்னு ஒரு வரி கூட இல்லையே.