ராத்திரி பத்தரைக்கு ஒரு வாட்ஸ்அப்

கேள்வி: ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏழரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். பத்தரைக்கு முதலாளியிடமிருந்து 'அந்தப் பில் என்னாச்சு' என்று வாட்ஸ்அப் வரும். நீலக்குறி விழுந்தும் பதில் போடாவிட்டால் காலையில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இதற்குச் சட்டம் இருக்கிறதா?
— வாசகி, காரைக்குடி

பதில்: இதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை அம்மா. சுப்ரியா சுலே எம்.பி. 2018-லும், மறுபடி 2025 டிசம்பரிலும் வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமைக்காக மக்களவையில் தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவருவது) கொண்டுவந்தார். ஆனால் 1970-க்கு அப்புறம் தனிநபர் மசோதா எதுவுமே சட்டமானதில்லை, அதனால் அதை நம்பி போனை அணைத்துவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இந்த உரிமை உண்டு. அங்கேயும் முதலாளி கூப்பிடவே கூடாது என்றில்லை, நீங்கள் எடுக்காமல் விடலாம், அவ்வளவுதான். அதுவும் என்ன அவசரம், உங்கள் பொறுப்பு என்ன, அந்த நேரத்துக்குக் காசு உண்டா என்றெல்லாம் பார்த்துத்தான். எனக்குப் பிடித்தது அந்தக் காசு விஷயம். ஏனென்றால் 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். (நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு இது பொருந்தாது.)

நீங்கள்தான் கணக்கு எழுதுகிறவர் ஆயிற்றே, ஒரு மாதத்துக்கு இதையும் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது, பீரோவைத் திறந்து பில்லைத் தேட எத்தனை நிமிடம் ஆனது. அதைக் கோபமில்லாமல் அவர் முன்னால் வையுங்கள், 'அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், மற்றதைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்துவிடுகிறேன்' என்றும் சொல்லுங்கள். நம் ஊர் முதலாளிகளிடம் சட்டம் பேசினால் முறைப்பார்கள், கணக்குக் காட்டினால் கண்ணாடியைத் தேடுவார்கள். அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன (வட்டித்தொழில் பார்க்கப் போன) செட்டியார்களின் ஏஜெண்டுகள்கூட மூன்று வருடத் தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து ஓய்வெடுத்தார்கள். கடுதாசி கப்பலில்தான் வரும், பத்தரை மணிக்கு யாரும் 'என்னாச்சு' என்று கேட்க முடியாது.

கேள்வி: நான் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். காலைக்குள் மறந்துவிடுமே என்றுதான் ராத்திரியே ஆட்களுக்கு மெசேஜ் போடுகிறேன். தப்பா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: மறதி உங்களுக்கு, தூக்கம் கெடுவது சீப்புச்சீடை பிழிகிற அக்காவுக்கா? நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக் கல்லாவில் போட்டு வையுங்கள்.