ஒற்றைக்கொம்பு மாட்டை வரைந்தவர் யார்?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் எங்களுக்கு மரச்செக்கு எண்ணெய்த் தொழில். அப்பா தொடங்கியது. அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது நான்தான் பார்க்கிறேன். கோவை, சென்னை சூப்பர் மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் டின்னில் ஒற்றைக்கொம்பு மாடு படம் இருக்கும், மளிகைக் கடைகளில் 'ஒத்தக்கொம்பு டின்' என்றுதான் கேட்பார்கள். அக்கா எட்டாவது படிக்கும்போது வரைந்தது அது. ஒரு கொம்பு இல்லாதது பிழை மாதிரித் தெரிகிறது என்று சொல்லி, டிசைனர் 18,000 ரூபாய்க்குப் புதிதாக மூன்று லோகோ போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒன்று எண்ணெய்த் துளியும் பச்சை இலையும், ஒன்று ஆங்கில எழுத்துக்குள் செக்கு, ஒன்று தங்க நிற வட்டம். டிரேட்மார்க்கும் என் பெயரில் பதிவு செய்யப் போகிறேன். அக்கா கல்யாணமாகி ஈரோட்டில் இருப்பதால் அவளிடம் கேட்க வேண்டியதில்லை. மூன்றில் எதை வைப்பது?

பதில்: தம்பி, மூன்று லோகோவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மேலே சுருக்கித்தான் கொடுத்திருக்கிறேன். அக்காவுக்கு அதில் கிடைத்தது ஒன்றரை வரி. எனக்கு அந்த ஒன்றரை வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

கல்யாணமாகிவிட்டதால் கேட்க வேண்டியதில்லை என்று யார் சொன்னது? ஈரோடு என்ன கடல் கடந்தா இருக்கிறது? அப்பா உயில் எழுதி வைத்தாரா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. எழுதவில்லை, தொழிலும் அவர் சொந்தமாக நடத்தியது, உங்களுக்குப் பொருந்துவது இந்து வாரிசுரிமைச் சட்டம் என்றால், 1956-லிருந்தே கணக்கு ஒன்றுதான்: அம்மா, அக்கா, நீங்கள், ஆளுக்கு ஒரு சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒன்று. அந்த டின்னுக்கு இருக்கும் பெயரும் சொத்துதான். அதைச் சத்தமில்லாமல் உங்கள் ஒருவர் பெயரில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். கெட்ட எண்ணம் இருக்காது. வீட்டுக்கு வீடு அண்ணன் தம்பிகள் யோசிக்காமல் செய்வதுதான், யோசிக்காமல் செய்வதால் சரியாகிவிடாது.

அப்புறம் அந்தப் படம். பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தை வரைந்தவர்தான் அதன் முதல் உரிமையாளர். வரையும்போது வயது பதின்மூன்றா முப்பதா என்று சட்டம் பார்ப்பதில்லை. இத்தனை வருஷம் உங்கள் வீட்டு எண்ணெயை விற்றுக் கொடுத்த மாட்டுக்கு உங்கள் அக்கா ஒரு ரூபாய் கேட்கவில்லை. நேற்று வந்த டிசைனருக்கு 18,000 கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த மாடு என்னைப் பொறுத்தவரை பிழையே இல்லை. செக்கடியில் வளர்ந்த பிள்ளை, கண்முன்னால் சுற்றிக்கொண்டிருந்த மாட்டைத்தான் வரைந்திருக்கும். காங்கேயம் மாட்டுக்குக் கொம்புதான் அழகு. அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை கொம்பை வரைய மறந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இன்றைக்கு உங்கள் செக்கு மோட்டாரில் ஓடும். அந்த மாடு இருந்ததற்கு மிச்சம் இருப்பது டின் மேல் உள்ள படம் மட்டும்தான்.

உணர்ச்சியை விடுங்கள், வியாபாரத்தையே பேசுவோம். ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் குத்தியிருக்கும் படம்தான் அமெரிக்காவில் டிராபிகானா பழச்சாற்றுக்கு அடையாளம். 2009 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் சாறு இருக்கிற மாதிரி புதுப் பெட்டி கொண்டுவந்தார்கள். இரண்டே மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. பழைய படத்தையே திரும்பப் போட்டார்கள். சாறு மாறவில்லை, அலமாரியில் தேடிய கண்ணுக்குப் பழம் அகப்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஆரஞ்சு அந்த இல்லாத கொம்பு. மளிகைக்காரர் வாயில் தானாக வந்த பெயரை, 18,000 கொடுத்து அழிக்கப் பார்க்கிறீர்கள்.

எண்ணெய்த் துளியும் இலையும் யார் வேண்டுமானாலும் போடக்கூடியது. பக்கத்து அலமாரியில் இதே துளி இன்னும் நாலு இருக்கும், பொருளையே படமாகப் போட்டால் டிரேட்மார்க் பதிவாவதும் கஷ்டம். தங்க வட்டம் நகைக்கடைக்குப் போகட்டும். ஆங்கில எழுத்தைப் போட்டால் சென்னைக்காரன் மதிப்பான் என்று நினைப்பதெல்லாம் வெறும் கூச்சம்.

மாட்டையே வையுங்கள், ஆனால் திருத்தி வரையச் சொல்லுங்கள். சிறு பிள்ளை பேனாவால் இழுத்த மெல்லிய கோடுகள் டின்னில் நின்றன, பிளாஸ்டிக் பவுச்சில் நிற்காது. நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக் காலம் தள்ளியவள், அதனால் சொல்கிறேன். முதலில் வெறும் கறுப்பில் வரையட்டும். அதைப் பாட்டில் மூடி அளவுக்குச் சுருக்கி, ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்கள். அப்போதும் நாலடி தள்ளி நின்றால் மாடு என்றும் ஒரு கொம்புதான் என்றும் தெரிய வேண்டும். நிறம் அதற்கப்புறம். பவுச் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை, ஒவ்வொன்றுக்கும் காசு. இரண்டு நிறத்தில் நிறுத்துங்கள். தமிழ் எழுத்தைக் கனமாகப் போடுங்கள், ஒல்லி எழுத்தைச் சுருக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாத கோரல்டிரா ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

இனி காகித வேலை. அக்காவிடமிருந்தும் டிசைனரிடமிருந்தும் படத்தின் பதிப்புரிமையை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் இல்லாவிட்டால் ஐந்து வருஷம்தான் செல்லும், எந்த இடத்துக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இரண்டையும் எழுதுங்கள். அக்காவுக்குக் கொடுக்கும் தொகையையும் எழுதுங்கள், அது டிசைனருக்குக் கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. டிரேட்மார்க் பதிவில் சமையல் எண்ணெய்க்கு 29-ஆம் வகுப்பு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் கட்டணம் 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருஷம் செல்லும். பதிவாகும் முன்னால் பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) போடுவது குற்றம். யார் பெயரில் விண்ணப்பிப்பது? மூன்று பேர் பெயரிலும். அக்கா தானாக வேண்டாம் என்று சொன்னால் அப்போது பார்க்கலாம். அவர் வாயிலிருந்து அது வர வேண்டும், உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போங்கள். பழைய டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், டிசைனர் போட்ட மூன்றும் போனிலேயே இருக்கட்டும். அந்த மாட்டுக்கு என்ன பெயர், கொம்பு எப்படிப் போனது என்று கேளுங்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் அது மட்டும் இல்லை.