மடவைக் குஞ்சு முதல் கருவாடு வரை: புரதப் பட்டை பார்த்து மீன் இனம் பிரித்தல் – கேள்வி பதில்

கும்பகோணம், முதுகலை மாணவி: சார், விரால், குரவை இரண்டின் தசையையும் 12 விழுக்காடு எஸ்.டி.எஸ். ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓட்டினேன். பட்டைகள் (ஜெல்லில் புரதம் நிற்கும் கோடுகள்) கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழுகின்றன. எங்கே தவறு?

உங்கள் கையில் தவறில்லை, முறைதான் இந்த வேலைக்குப் பொருந்தவில்லை. எஸ்.டி.எஸ். சோப்பு போன்ற ஒரு பொருள், அது எல்லாப் புரதத்தின் மேலும் எதிர்மின்னூட்டத்தைப் போர்த்திவிடும். அதன்பின் பட்டையின் இடத்தைப் புரதத்தின் அளவு மட்டுமே முடிவு செய்யும். தசைப் புரதங்களில் மயோசின் பெருஞ்சங்கிலி சுமார் 200 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), ஆக்டின் 42. எந்த மீனை எடுத்தாலும் இவை அங்கேயேதான் நிற்கும். நெருங்கிய இனங்களில் ஒரு புரதத்துக்குச் சில அமினோ அமிலங்கள்தான் மாறியிருக்கும். அதனால் எடை மாறாது, ஆனால் மின்னூட்டம் மாறலாம். ஆகவே மின்னூட்டத்தை வைத்துப் பிரிக்கும் ஐசோஎலெக்ட்ரிக் ஃபோகஸிங் முறைக்குப் போங்கள். பி.எச். (அமில, கார அளவு) படிப்படியாக ஏறும் ஜெல்லில் ஒவ்வொரு புரதமும் தன் நிகர மின்னூட்டம் பூச்சியமாகும் இடத்தில் போய் நின்றுவிடும். முதலில் பி.எச். 3 முதல் 10 வரையுள்ள ஜெல்லில் முழுப் படத்தைப் பாருங்கள். பிறகு அமிலப் பக்கத்துக்கு மட்டும் குறுகிய ஜெல் போடுங்கள். 10 முதல் 12 கிலோடால்டன் எடையுள்ள பார்வால்புமின் என்ற தசைப் புரதம் அங்கேதான் இருக்கும். இனத்துக்கு இனம் நன்றாக வேறுபடுவது அதுதான்.

விராலையும் குரவையையும் உருவம் பார்த்தே பிரித்துவிடலாம் என்பதால் முறையைப் பழக இது நல்ல இணை. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து மீன் எடுங்கள். ஒரே இனத்துக்குள்ளேயே ஆளுக்கு ஆள் பட்டை மாறுவதுண்டு. ஒரே மீனை வைத்துப் பார்த்தால் அதை இன வேறுபாடு என்று எடுத்துக்கொள்வீர்கள்.

திருவாரூர், கல்லூரி ஆசிரியர்: தசையிலிருந்து புரதம் எடுக்கும் முறையை அளவோடு சொல்லுங்கள்.

தலைக்குப் பின்னால், முதுகுத்துடுப்புக்குக் கீழே உள்ள வெள்ளைத் தசையில் 1 கிராம். தோலும் பக்கக்கோட்டை ஒட்டிய சிவப்புத் தசையும் துளிகூடச் சேரக்கூடாது. ஒரே மீனிலேயே சிவப்புத் தசையின் பட்டைகள் வேறு. 3 மில்லி குளிர்ந்த வாலைவடிநீரில், பனிக்கட்டி மேல் வைத்து அரையுங்கள். 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 20 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அதில் இருப்பவை சார்கோபிளாசப் புரதங்கள் (தசைச் செல்லில் உள்ள, நீரில் கரையும் புரதங்கள்), இனம் காட்டுபவை இவையே. பிராட்ஃபோர்டு முறையில் 595 நானோமீட்டரில் புரத அளவை அளந்து, கூமாசி என்ற நீலச் சாயத்துக்கு, ஒரு தடத்துக்கு (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் வரிசை) 10 முதல் 20 மைக்ரோகிராம் ஏற்றினால் போதும். மிச்சத்தைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரே குழாயை உருக்கி உருக்கி உறைய வைத்தால் பட்டைகள் மங்கும்.

ஃபோகஸிங் ஜெல்லை நேரே சாயத்தில் போடாதீர்கள். ஜெல்லில் பி.எச். ஏற்றத்தை உண்டாக்கும் ஆம்போலைட்டும் சாயம் பிடித்து முழு ஜெல்லும் நீலமாகிவிடும். முதலில் 10 விழுக்காடு டிரைக்ளோரோஅசெட்டிக் அமிலத்தில் அரை மணி நேரமாவது ஊற வையுங்கள். புரதம் அதிலேயே நிலைத்துவிடும், ஆம்போலைட் வெளியேறிவிடும். ஜெல் வார்க்கும்போது மாணவர்கள் கையுறை போட்டிருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். இறுகாத அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் நஞ்சு.

முத்துப்பேட்டை, மீன் வளர்ப்பவர்: ஐயா, அலையாத்திக் காட்டு வாய்க்காலில் பிடிக்கும் மடவைக் குஞ்சில் பெரிதாக வளரும் சாதி எது, சிறுசாகவே நிற்கும் சாதி எது என்று இதில் தெரியுமா?

தெரியும். ஆனால் இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பெரிதாக வளரும் சாதியான மூஜில் செஃபாலஸை, வளர்ந்த பிறகு கண்ணை மூடியிருக்கும் கொழுப்பு இமையை வைத்தே சொல்லிவிடலாம். குஞ்சில் அந்த இமை வளர்ந்திருக்காது, அதனால்தான் புரதத்துக்கு வருகிறோம். ஆனால் மீன் வளர வளர பார்வால்புமினின் வகைகளும் மாறுகின்றன. குஞ்சில் ஓங்கியிருக்கும் வகை பெரிய மீனில் குறைந்து போகும். பெரிய மடவையின் தசையை மாதிரியாக வைத்துக் குஞ்சை ஒப்பிட்டால், ஒரே சாதியை இரண்டு சாதி என்று சொல்லிவிடுவோம். அதனால் அதே அளவுக் குஞ்சுகள்தான் மாதிரியாக வேண்டும். ஒரே நாளில் பிடித்த குஞ்சில் பாதியை உறைய வையுங்கள். மீதியைத் தனித்தனித் தொட்டியில், எண் போட்டு, இமை தெரியும்வரை வளருங்கள். ஒவ்வொரு குஞ்சின் துடுப்பிலும் ஒரு நுனியை வெட்டி டி.என்.ஏ. பார்த்துவிட முடிந்தால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

நாகப்பட்டினம், கருவாட்டு வியாபாரி: வஞ்சிரம் என்று வாங்கும் துண்டுக் கருவாடு வஞ்சிரம்தானா என்று சொல்ல முடியுமா சார்?

உப்பும் வெயிலும் பட்டதால் பல புரதங்கள் உருக்குலைந்து தண்ணீரில் கரையாமல் போயிருக்கும். உப்பைப் போக்கக் கருவாட்டை ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது எல்லாரும் செய்யும் பிழை. மிச்சமிருக்கும் கரையும் புரதமும் அதோடு போய்விடும். அரைத்ததை 8 மோலார் யூரியாவில் (100 மில்லிக்கு 48 கிராம்) கரையுங்கள். பிறகு டிரைக்ளோரோஅசெட்டிக் அமிலமும் அசிட்டோனும் சேர்த்து வீழ்படிவாக்கி, குளிர்ந்த அசிட்டோனில் இரண்டு முறை கழுவி, மறுபடி யூரியாவில் கரைத்து, யூரியா சேர்த்த ஜெல்லில் ஓட்ட வேண்டும். உப்பு தங்கினால் தடம் அலை அலையாக நெளியும்.

யூரியா சேர்த்ததைச் சுட வைக்கவே கூடாது. சூட்டில் அதிலிருந்து சயனேட் உண்டாகிப் புரதத்தில் ஒட்டும், பட்டை அமிலப் பக்கம் நகர்ந்து, இல்லாத இனம் இருப்பதுபோல் காட்டும். ஒப்பிடுவதற்கு முழு வஞ்சிரம் ஒன்றை வாங்கி, அதே உப்பில், அதே வெயிலில் நீங்களே காயவைத்த கருவாடுதான் சரி. பச்சை மீன் உதவாது.

தஞ்சாவூர், குஞ்சு பொரிப்பகம்: எங்கள் ரோகுவில் கட்லா கலந்துவிட்டதோ என்று சந்தேகம்.

இதற்குப் புரதம் மிகப் பொருத்தம், நொதிகளைப் பாருங்கள். தாய், தந்தை இருவரின் வடிவமும் கலப்பினத்தில் சேர்ந்தே தெரியும். இரண்டு அலகு (புரதச் சங்கிலி) சேர்ந்த நொதியென்றால் இரு பெற்றோர் பட்டைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று விழும். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நான்கு அலகு கொண்டது. அதில் ஒரு மரபணு மட்டும் வேறுபட்டால் ஐந்து பட்டை வரும். ஜெல்லில் எஸ்.டி.எஸ். இருக்கக்கூடாது, மாதிரியைக் கொதிக்க வைக்கவும் கூடாது. இங்கே பட்டைக்கு நிறம் தருவதே நொதியின் வேலைதான், நொதி செத்துவிட்டால் நிறமே வராது. முதல் தலைமுறைக் கலப்பு இதில் தெளிவாகத் தெரியும். கலப்பு மீனே மறுபடி ரோகுவோடு சேர்ந்திருந்தால், அந்தக் குஞ்சுகளில் பாதி ஒரு நொதியில் சுத்த ரோகுபோலவே தெரியும். ஐந்தாறு நொதிகளாவது பார்க்காமல் தாய்மீன்களை ஒதுக்க வேண்டாம்.

சீர்காழி: பட்டைகள் ஓரத்தில் மேல்நோக்கி வளைகின்றன.

ஜெல்லின் நடுப்பகுதி சூடாகி வேகமாக ஓடியிருக்கிறது. வோல்ட்டைக் குறையுங்கள், பஃபரை (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) குளிரவைத்து ஊற்றுங்கள். ஓரத் தடங்களில் மாதிரி போடாமல் வெறும் பஃபர் விடுங்கள். தெரிந்த இனத்தை ஒரு ஓரத்தில் மட்டும் வைக்காமல் சந்தேக மீனின் இரண்டு பக்கமும் வையுங்கள். நேற்றைய ஜெல்லின் படத்தை வைத்து இன்றைய பட்டைக்குப் பெயர் சூட்டக் கூடாது.