அலாஸ்காவில் மூஸ் வேட்டைக்கு ஏன் ரப்பர் தெப்பத்தில் மிதந்து போகிறார்கள்?

ஆற்றங்கரையோரமாக நடந்தே போகலாமே, எதற்குத் தெப்பம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் எடை. மான் இனத்திலேயே பெரியது மூஸ். அலாஸ்காவில் நன்கு வளர்ந்த கிடா 700 கிலோ வரைகூட வரும். அறுத்தால் கறி மட்டுமே 200 கிலோவுக்கு மேல் தேறும். உண்ணத்தக்க கறியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது அங்கே சட்டப்படி குற்றம். அவ்வளவையும் சதுப்பு நிலத்தில் முதுகில் சுமந்து பார்த்தவருக்குத்தான் தெப்பத்தின் அருமை தெரியும்.

அடுத்தது சத்தம். மூஸுக்குக் கண் சுமார்தான். காதும் மூக்கும் படு கூர்மை. புதருக்குள் நடந்தால் ஒவ்வொரு அடியும் காட்டிக்கொடுத்துவிடும். நீரோட்டத்தோடு போகும் தெப்பத்தில் துடுப்பு வலிக்கக்கூடத் தேவையில்லை, திசை திருப்ப லேசாகத் தொட்டால் போதும். ஆனால் தெப்பத்தின் அலுமினியச் சட்டத்தில் துடுப்பு ஒருமுறை 'டங்' என்று இடித்தால் கதை முடிந்தது. காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தாலும் அதே கதிதான், நம் வாடை நமக்கு முன்னே போய்விடும்.

நாள் முழுக்க மிதந்துகொண்டே இருப்பதும் இல்லை. வில்லோ புதர் மண்டிய வளைவுகளில் கரையேறி, பெட்டை மூஸ் போல நீட்டி முனகிக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். செப்டம்பர் கடைசியில் இணைசேரும் பருவம் சூடுபிடிக்கும்போது கிடா தானாகவே தேடி வரும்.

அப்புறம், தண்ணீருக்குள் நிற்கும் மூஸை விவரம் தெரிந்தவர்கள் சுட மாட்டார்கள். இடுப்பளவு குளிர்நீரில் அந்த உடலைப் புரட்டவும் முடியாது, இழுக்கவும் முடியாது.