எக்: முதல் ஆல்பம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்னதை நம்பி ‘எக்’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை இரண்டு முறை கேட்டேன். எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவைப் பார்த்துச் செய்தது போலவே இருக்கிறது. கிதார் இல்லை, ஆர்கன் காதைக் குத்துகிறது, தாளமும் பிடிபடவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது? வாங்குவதென்றால் எந்தப் பதிப்பு?

கே.

அன்புள்ள கே.,

முதலில் தேதியைப் பாருங்கள். எக் ஆல்பம் 1970 மார்ச்சில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் ‘நோவா’ லேபிளில் வந்தது. எமர்சன் லேக் அண்ட் பாமரின் முதல் ஆல்பம் அதே ஆண்டு நவம்பரில்தான் வெளியானது. இரண்டுக்கும் முன்னோடி கீத் எமர்சன் அதற்கு முன் வாசித்த ‘தி நைஸ்’ குழு. பாக், கிரீக் போன்ற மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர்களை ராக்குக்குள் இழுத்துவரும் பழக்கம் எக்குக்கு அங்கிருந்தே வந்தது, அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் எமர்சனிடம் வாசிப்பவரின் வீரம் முன்னால் நிற்கும். இங்கே முன்னால் நிற்பது எழுதிவைத்த இசை. அதில் பெரும்பகுதி பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிதார்) வாசித்துப் பாடிய மாண்ட் கேம்ப்பெல்லுடையது.

பேஸ் தவிர வேறு கிதார் இல்லாததற்குக் காரணம் எளியது. 1968இல் ‘யூரியல்’ என்ற பெயரில் நால்வராகத் தொடங்கியபோது ஸ்டீவ் ஹில்லேஜ் கிதார் வாசித்தார். அவர் கென்ட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்விட, கேம்ப்பெல், டிரம்ஸ் கிளைவ் புரூக்ஸ், ஆர்கன் டேவ் ஸ்டூவர்ட் ஆகிய மூவரும் வேறு கிதார்காரரைச் சேர்க்கவில்லை. (இவர் யூரித்மிக்ஸ் என்ற பாப் குழுவின் டேவ் ஸ்டூவர்ட் அல்ல. இணையத்தில் இருவரையும் அடிக்கடி குழப்புகிறார்கள்.)

கிதாரின் இடத்தை நிரப்ப ஸ்டூவர்ட் ஆர்கனின் ஒலியைச் சிதைத்து வாசிக்கிறார். உங்கள் காதைக் குத்துவது அதுதான். ஹாமண்ட் என்ற மின் ஆர்கனில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலியளவு மாறாது, அதைக் காலடி பெடல்தான் கூட்டிக் குறைக்கும். அதனால் ஸ்வரத்தை எங்கே நிறுத்துவது, எங்கே வெட்டுவது என்பதில்தான் உணர்ச்சி வரவேண்டும். சிதைத்த ஒலியில் முழு கார்டை (பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில்) அழுத்தினால், ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய அதிர்வெண்கள் பிறந்து கூழாகிவிடும். ஒற்றை வரியாக வாசித்தால் தெளிவு கெடாது. மீதி இசைவைச் சொல்வது பேஸ். எனவே போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் காணாமல் போனால் பாதி இசை போய்விட்டது என்று பொருள்.

தாளத்துக்கு, 1969இல் வந்த ‘செவன் இஸ் எ ஜாலி குட் டைம்’ என்ற அவர்களுடைய சிங்கிளிலிருந்து (தனிப்பாடல் இசைத்தட்டு) தொடங்குங்கள். ஏழு எண்ணிக்கையைப் பற்றிய பாடல் அது, அதன் பல்லவியும் ஏழில்தான் ஓடுகிறது. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் பழகிய காதுக்கு ஏழு புதிதல்ல. சிக்கல் வேறு: சாபு கடைசிவரை ஒரே கணக்கில் நிற்கும், ‘ஐ வில் பி அப்சார்ப்டு’ போன்ற பாடல்களில் கணக்கே நடுவில் மாறும். கையால் தாளம் போடாமல் பேஸின் வாக்கியம் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள், நாலைந்து முறையில் பிடிபட்டுவிடும்.

எனக்கு இந்த ஆல்பத்தின் உயிர், இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ‘சிம்பொனி நம்பர் 2’. முதல் பகுதியில் கிரீக்கின் ‘மலையரசன் மண்டபம்’ எட்டிப் பார்க்கிறது. இடையில் வரும் ‘பிளேன்’, டோன் ஜெனரேட்டர் என்ற மின்னொலிக் கருவியின் உறுமல். மூன்றாம் பகுதி (‘தேர்ட் மூவ்மென்ட்’) ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’கை நெருங்கியதால் பதிப்புரிமைச் சிக்கலுக்கு அஞ்சி அதை நீக்கினார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி அப்போது உயிரோடிருந்தார், 1971இல்தான் மறைந்தார். முதல் பக்கத்தில் ‘பாய்ல்க்’ வெறும் ஒலிப் பரிசோதனை, அதைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை. கேம்ப்பெல்லின் குரலும் தட்டையானதுதான்.

பதிப்பைப் பொறுத்தவரை, சேகரிப்பதற்கென்றால் மட்டும் பழைய எல்பியைத் தேடுங்கள். கேட்பதற்கு, பிற்கால சிடி மறுபதிப்பே மேல். வாங்குமுன் பாடல் பட்டியலில் நீக்கப்பட்ட அந்த ‘தேர்ட் மூவ்மென்ட்’ இருக்கிறதா, ஏழைப் பற்றிய அந்த சிங்கிளின் இரண்டு பாடல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிடித்துப்போனால் அடுத்தது அவர்களுடைய இரண்டாம் ஆல்பம் ‘தி பொலைட் ஃபோர்ஸ்’.

அன்புடன்.